அக்கா மகனுக்கு ஏன் வண்டிச் சாவி கொடுக்கவில்லை

அக்கா என்னோடு பேசி 17 நாள் ஆகிறது. விஷயம் சின்னது. அவள் மகன் இந்த வருஷம் பிளஸ் டூ. பொள்ளாச்சியில் சாயங்காலம் ட்யூஷன், ஊரிலிருந்து 9 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது ஆனால் நேரத்துக்கு வராது, திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிடும். என் ஸ்கூட்டர் பெரும்பாலும் வாசலில்தான் நிற்கிறது, நான் வேலைக்குப் போவது பஸ்ஸில். "சாயங்காலம் மட்டும் குடுடா, ஏழெட்டு மாசம்தானே" என்றாள். முடியாது என்றேன். "அவனென்ன சின்னப் பையனா, தோட்டத்துல டிராக்டரே ஓட்டறான்" என்றாள். ஓட்டுகிறான்தான், நன்றாகவே ஓட்டுகிறான், நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை. போனில் எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை, "போலீஸ் பிடிப்பாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். "பிடிச்சா ஃபைன் நான் கட்டிக்கிறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்கா மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதை ஒரு ஃபைன் சமாச்சாரமாகத்தான் நினைக்கிறார்கள். செக்போஸ்ட்டில் ஆள் நிற்கிறதா இல்லையா, நின்றால் தோப்புப் பாதையில் போய்விடலாமா, அதோடு யோசனை முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த விஷயத்தில் ஃபைன் என்பது மிகச் சின்னப் பகுதி. பெரிய பகுதி விபத்துக்குப் பிறகு வருகிறது, அதுவும் ஓட்டியவரைத் தேடி வருவதைவிட வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைத் தேடி வருகிறது. சாவியைக் கொடுத்தவரை.

சரி, முதலில் ஃபைனையே பார்த்துவிடலாம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 3-வது பிரிவு, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் யாரும் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. 4-வது பிரிவு வயதைச் சொல்கிறது: 18. 50 சிசிக்கு மேற்படாத வண்டியென்றால் 16 வயதில் ஓட்டலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் அதற்கும் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும், தவிர இன்று ஷோரூமில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாம் 100 சிசிக்கு மேல், எக்ஸ்.எல். கூட 100 சிசி ஆகிவிட்டது. இந்த இரண்டு பிரிவுகளையும் மீறி ஓட்டினால் தண்டனை 181-வது பிரிவில் இருக்கிறது. 2019 வரை அபராதம் 500 ரூபாய். அந்த வருஷத் திருத்தத்துக்குப் பிறகு 5,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் கூட்டப்பட்ட அபராதங்களை வசூலிக்க ஆரம்பித்தது 2022 அக்டோபரில்தான், அதனால் நிறையப் பேர் மனதில் இன்னும் அந்தப் பழைய 500 ரூபாயே இருக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே 180-வது பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் அதே 5,000, அதே 3 மாதம். அதாவது ஓட்டினவர் மேல் ஒன்று, கொடுத்தவர் மேல் ஒன்று. இது போக 207-வது பிரிவின் கீழ் வண்டியையே பிடித்து வைக்க போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போன வண்டியை வெளியே எடுக்க எத்தனை நாள் நடக்க வேண்டும், அதற்குள் அது வெயிலிலும் மழையிலும் நின்று என்ன ஆகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

(லைசென்ஸ் இருக்கிறது, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள் என்றால் அது வேறு கதை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் ஆப்பிலோ காட்டினால் போதும், 2018-லேயே அதற்கு விதி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிற போட்டோ அந்தக் கணக்கில் வராது.)

இப்போது அக்கா மகன் விஷயம். அவனுக்கு 18 ஆகவில்லை, மார்கழியில்தான் ஆகிறது. 18 ஆகாத பிள்ளை ஓட்டினால் அதற்கென்றே 2019-ல் ஒரு புது பிரிவைச் சேர்த்தார்கள், 199ஏ. இதை ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் மாமாவும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். சிறுவர் செய்த குற்றத்துக்கு அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 வருஷம் வரை ஜெயில், கூடவே 25,000 ரூபாய் அபராதம். "எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நாம்தான், ஏனென்றால் நம் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். இதெல்லாம் பெரியவர்களுக்கு. பையனுக்கு என்ன என்றால், 25 வயது ஆகும் வரை லைசென்ஸும் கிடையாது, எல்.எல்.ஆரும் கிடையாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தக் கடைசி வரிதான். அவன் பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்க ஆசைப்படுகிறான். வண்டிதான் அவன் உலகம். ட்யூஷனுக்குப் போகிற ஏழெட்டு மாத வசதிக்காக அவனுடைய ஏழு வருஷத்தை அடகு வைக்க எனக்கு மனம் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தால் வண்டியை ட்ரையல் எடுக்கக்கூட லைசென்ஸ் கேட்பார்கள்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி ஐ.டி.யில் வேலை செய்த இரண்டு இளைஞர்கள் இறந்துபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி முதலில் ஜாமீன் கொடுத்தார்களே, அந்தக் கேஸ்தான். அந்தக் கட்டுரையைப் பற்றியே நாடு பேசியது, ஆனால் அதே வாரத்தில் பையனின் அப்பா கைதானதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. அது பணக்கார வீட்டுக் கதை, நமக்கும் அதற்கும் என்ன என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. கூடவே ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி) வைத்திருந்தார், தேங்காய் லோடும், சீசனில் கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடும் அடிக்கும். அதை ஓட்டியது எங்கள் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர். 20 வருஷ சர்வீஸ், லாரியே ஓட்டியவர், குடிக்க மாட்டார், வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். 2011 கடைசியில் ஒரு விடியற்காலை, பனி இறங்கியிருந்த நேரம், மில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. அண்ணன் ஓடவில்லை, அவரே தூக்கிக்கொண்டு போனவர். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது அவர் பேசுவதை நிறுத்திவிடுவார்.

பெரியப்பா இன்சூரன்ஸ் கட்டத் தவறியதே இல்லை. அதனால் அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிடும், தன்னால் முடிந்ததைத் தனியாகவும் கொடுக்கலாம் என்று நினைத்து முதலிலேயே போய் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இறந்தவரின் மனைவி போட்ட மனு, முதல் எதிர்மனுதாரர் பெரியப்பா, இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. "கம்பெனி வக்கீல் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்" என்று பெரியப்பா அந்தச் சம்மனை பீரோவில் வைத்துவிட்டார். இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். நமக்கு இல்லை. பெரியப்பா ஆஜராகாததால் அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அவர் தரப்பைக் கேட்காமலேயே வழக்கை நடத்தினார்கள். அவர் இல்லாத அந்த கோர்ட்டில் கம்பெனி ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயத்தை நிரூபித்தது: விபத்து நடந்த அன்று டிரைவரின் லைசென்ஸ் காலாவதியாகி 8 மாதம் ஆகியிருந்தது.

அப்போது டிரான்ஸ்போர்ட் வண்டி லைசென்ஸ் 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் (இப்போது 5 வருஷம்). அந்த வருஷம் அண்ணனின் அம்மா படுத்த படுக்கை, ரினியூவல் மறந்துபோனது. பெரியப்பா கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், 20 வருஷமாகத் தெரிந்த ஆள், ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர், அவரிடம் "லைசென்ஸ் காட்டு" என்று கேட்பதே மரியாதைக்குறைவு மாதிரி இருந்திருக்கும்.

2014-ல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 7 லட்சத்து 40 ஆயிரம், மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. கம்பெனி முதலில் அந்தக் குடும்பத்துக்குக் கட்ட வேண்டும், கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வக்கீல்கள் இதை 'பே அண்ட் ரெக்கவரி' என்பார்கள். கம்பெனி கட்டியது. 2016-ல் அந்தப் பணத்தைப் பெரியப்பாவிடம் வசூலிக்க அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டது. அப்போது நான் கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன், பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வக்கீல் ஆபீஸ் போனார், ஒவ்வொரு பக்கமாக நான்தான் படித்துச் சொன்னேன். வட்டியோடு 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிணற்றை ஒட்டிய 40 சென்ட்டை விற்றார். 28 மரம், அவர் அப்பா கையால் வைத்தது.

அக்காவுக்கு இது தெரியாது. நிலத்தை ஏன் விற்றார் என்று வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் பெரியப்பா "கேஸ் தோத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னார், லைசென்ஸ் பற்றிச் சொன்னால் அந்த அண்ணனை எல்லோரும் பேசுவார்கள் என்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததில் பெரியப்பாவுக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. அந்த அம்மாவின் பிள்ளைகள் படித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டார். வருத்தமெல்லாம், வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டியும் அது உதவாமல் போனதற்கு ஒரு அட்டையின் தேதி காரணமாகிவிட்டதே என்பதுதான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது, ஒரு வகையில் நியாயமாகவும் இருக்கிறது. 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: லைசென்ஸ் இல்லை என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவரைக் கைகழுவ முடியாது, ஏனென்றால் மோதியவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யாரும் அடிபடுவதில்லை. அதே நேரம் உரிமையாளர் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்று கம்பெனி நிரூபித்தால், கட்டிய பணத்தை உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளலாம். அதே வருஷம் நஞ்சப்பன் வழக்கில், இதற்காகக் கம்பெனி தனியாக ஒரு வழக்குப் போடக்கூட வேண்டாம், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும் என்றும் சொல்லிவிட்டது. பெரியப்பாவுக்கு வந்தது அந்த மனுதான்.

உரிமையாளருக்குச் சாதகமாகவும் தீர்ப்பு உண்டு. டிரைவரை வேலைக்குச் சேர்க்கும்போது லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன், ஓட்டச் சொல்லியும் பார்த்தேன், அது போலி லைசென்ஸ் என்று எனக்குத் தெரிய வழியில்லை என்று காட்ட முடிந்தால் உரிமையாளர் தப்பிக்கலாம், 2003-ல் லேரு வழக்கில் அப்படிச் சொன்னார்கள். ஆனால் காலாவதி விஷயத்தில் அந்தக் கருணை இல்லை. 2020-ல் பேலி ராம் வழக்கு, ஒரு லாரி டிரைவரின் லைசென்ஸ் காலாவதியாகி ஏறத்தாழ 3 வருஷம் ஆகியும் முதலாளி பார்க்கவில்லை. முதலில் ஒரு தடவை பார்த்தால் போதாது, புதுப்பித்தாரா என்று தொடர்ந்து பார்ப்பதும் உரிமையாளரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பா முகம்தான் முன்னால் வந்தது.

7 லட்சம் என்பது 2014 கணக்கு. இப்போது எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டுமென்றால் நீங்களே ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், தீர்ப்பாயங்கள் பின்பற்றும் முறை 2009-ல் சர்லா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுக்கப்பட்டது. 38 வயது கொத்தனார் ஒருவர், மாதம் 15,000 சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், 15,750. வருஷத்துக்கு 1,89,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கும் எண் 15. மொத்தம் 28 லட்சத்து 35 ஆயிரம். ஈமச்சடங்குச் செலவு, மனைவிக்கான இழப்பு என்று சிறு தொகைகள் இதற்கு மேல், வட்டி அதற்கும் மேல். ஒரு கொத்தனாருக்கே இது. ஐ.டி. சம்பளக்காரர் என்றால் கோடியில் போகும். அக்கா சொன்ன "ஃபைன் நான் கட்டிக்கிறேன்" என்பதை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வண்டி என் பேரில் இருக்கிறது, அதனால் கட்ட வேண்டியது நான். என்னால் முடியாது. அக்கா வீட்டிலும் முடியாது.

பணத்தை விடுங்கள். உயிரிழப்பு ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 5 வருஷம் வரை தண்டனை. அதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2 வருஷமாக இருந்தது, 2024 ஜூலை 1-லிருந்து 5. கேஸ் நடக்கிற காலம் முழுக்க பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிற வேலைக்கும் சிக்கல்.

ஒரு விஷயத்தை மட்டும் பயமுறுத்தாமல் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு கேஸே போடாமல் விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு வண்டி வந்து மோதினால், லைசென்ஸ் இல்லாததாலேயே விபத்துக்கு அவர்தான் காரணம் என்று ஆகிவிடாது. 2008-ல் சுதிர் குமார் ராணா வழக்கில் டூவீலர் ஓட்டி வந்த 17 வயதுப் பையனுக்கு உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது குற்றம், அதற்குரிய தண்டனை தனி, அதுவே கவனக்குறைவுக்கு ஆதாரமாகிவிடாது. அதனால் "உன் பையனுக்கு லைசென்ஸே இல்லையே, நீ எங்கே கேட்கப் போகிறாய்" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆனால் சொந்த பாலிசியிலிருந்து வர வேண்டியது போய்விடும். வண்டி இன்சூரன்சோடு நாம் கட்டுகிற 15 லட்ச ரூபாய் உரிமையாளர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அது ஓட்டிய உரிமையாளரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மும் அப்படித்தான்.

இனி லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு. முக்கியமாக என்னைவிட மூத்தவர்களுக்கு. 2019 திருத்தத்துக்கு முன்னால் எடுத்த டூவீலர், கார் லைசென்ஸ் எல்லாம் 20 வருஷத்துக்கோ 50 வயது வரைக்கோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். அப்படியென்றால் 2004, 2005, 2006-ல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினவர்கள் எல்லோருக்கும் அது வரிசையாக முடிந்துகொண்டிருக்கிறது. 20 வருஷம் என்பது மறந்தே போகிற அளவுக்கு நீண்ட காலம். தயவுசெய்து இப்போதே பர்ஸைத் திறந்து தேதியைப் பாருங்கள். கார்டில் இரண்டு தேதி இருந்தால் ஒன்று சொந்த வண்டிக்கு, இன்னொன்று டிரான்ஸ்போர்ட்டுக்கு, இரண்டும் வேறு வேறு. முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது, அந்த 30 நாளை 2019-ல் எடுத்துவிட்டார்கள். முடியும் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் டெஸ்ட், மறுபடியும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு. முன்பு இதற்கு 5 வருஷ அவகாசம் இருந்தது, அதுவும் போய்விட்டது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், படிவம் 1ஏ. விண்ணப்பத்தை சாரதி இணையதளத்திலேயே போட்டுவிடலாம்.

டிரைவர் வைத்திருப்பவர்கள் அதே தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்தால் செல்லுபடி தேதி வந்துவிடும், இரண்டு நிமிஷ வேலை. நகலை ஒரு ஃபைலில் வையுங்கள், முடியும் தேதியை உங்கள் போனிலும் போட்டு வையுங்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. குட்டி யானை, ஷேர் ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான டிரான்ஸ்போர்ட் வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் இருப்பவர் தனி அனுமதி இல்லாமலேயே ஓட்டலாம் என்று உறுதி செய்துவிட்டது. "பேட்ஜ் இல்லை" என்று சொல்லிக் கம்பெனிகள் தட்டிக்கழித்த எத்தனையோ கேஸ்களுக்கு அது பதில். ஆனால் அந்த எல்.எம்.வி. லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும்.

பழைய வண்டியை விற்றவர்களும் கவனியுங்கள். ஆர்.சி.யில் பேர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் இன்னும் உரிமையாளர். 2018-ல் நவீன் குமார் வழக்கில் வண்டி கைமாறி கைமாறி நாலைந்து பேரிடம் போயிருந்தும், ஆர்.சி.யில் பேர் இருந்தவரைத்தான் பொறுப்பாக்கினார்கள். உங்கள் பழைய வண்டியை இன்று யார் வீட்டுப் பிள்ளை ஓட்டுகிறதோ தெரியாது.

"அப்போ பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தரேன், அதுக்கு லைசென்ஸே வேண்டாமாமே" என்று அக்கா மாமாவிடம் சொல்லியிருக்கிறாள், மாமா எனக்குப் போன் செய்து கேட்டார். பாதி சரி. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டி என்றால் லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் வேகத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் அது மற்ற வண்டி மாதிரியேதான், லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும். வாங்குவதானால் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லாரியும் பஸ்ஸும் விரட்டிக்கொண்டு வருகிற அந்த ரோட்டில் ராத்திரி 25 கிலோமீட்டர் வேகத்தில் அவன் தனியாகப் போவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

பையனிடம் தனியாகப் பேசினேன். கோபமில்லை அவனுக்கு. பெரிய தாத்தாவின் 28 மரக் கதையை முழுக்கச் சொன்னேன், அமைதியாகக் கேட்டான், கேட்டுவிட்டு "அந்த டிரைவர் மாமா இப்ப என்ன பண்றாரு" என்று கேட்டான். மார்கழியில் 18 முடிந்த மறுநாளே எல்.எல்.ஆருக்குப் போட்டுவிடலாம். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், அதற்குள் பரீட்சையும் முடிந்துவிடும். எல்.எல்.ஆர். இருந்தாலும் எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பின்னால் உட்கார்ந்திருக்கத்தான் ஓட்ட வேண்டும், தனியாகப் போகக் கூடாது, அந்த ஆளாக நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் ட்யூஷனுக்குப் போகும்போது பஸ், திரும்பும்போது நான். வேலை முடிந்து வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனால் சரியாக இருக்கும், இந்த வாரம் நாலு நாள் போய்விட்டேன்.

இதை அக்காவுக்கு இன்றைக்கு அனுப்பப் போகிறேன். அந்த டிரைவர் அண்ணனின் லைசென்ஸ் விஷயத்தைச் சொல்லலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டுவிட்டேன், "இனி சொல்லு கண்ணு, அவனுக்கும் வயசாயிடுச்சு, யாரு என்ன பேசப்போறாங்க" என்றார். கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ஏழரை மணிக்கு ட்யூஷன் வாசலில் இருப்பேன் அக்கா, அவனோட ஹெல்மெட்டை மட்டும் குடுத்து விடு.